தாழ்த்திய வண்டியும் சக்கர நேர்மையும்

பழைய மோட்டார் வண்டிகளைப் போற்றிக் காப்போரிடையே தீராத வழக்கொன்று உண்டு. தொழிற்சாலை தந்த உயரத்திலேயே வண்டியை நிறுத்தல் வேண்டும் என்பார் ஒரு சாரார். தரையை ஒட்டத் தாழ்த்தினாலன்றி அழகில்லை என்பார் மற்றொரு சாரார். தாழ்த்தியபின் சக்கரங்கள் எங்ஙனம் நிற்கின்றன என்று கேட்பாரோ இவ்விரு சாராருள்ளும் அரியர். அவ்வினாவையே யாம் ஈண்டு எழுப்ப விரும்புகின்றோம்.

எம்.ஜி.பி. என்னும் ஆங்கில வண்டியை எடுத்துக்கொள்வோம். கூரை திறந்த இச்சிறு ஸ்போர்ட்ஸ் கார் 1962-ஆம் ஆண்டு முதல் 1980-ஆம் ஆண்டு வரை இங்கிலாந்தில் அபிங்டன் என்னும் ஊரிற் செய்யப்பட்டது. 1974-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், பம்பரைப் பற்றி அமெரிக்க நாட்டார் விதித்த சட்டத்திற்கு அமைய, கருநிற ரப்பர்ப் பம்பர்கள் பூட்டப்பட்டன. வண்டியும் ஏறத்தாழ ஓரங்குலம் உயர்த்தப்பட்டது. செலவைச் சுருக்க எண்ணி, வளைவிற் சாய்வைத் தடுக்கும் முன்புற எஃகுத் தண்டையும் நீக்கினர். வண்டி தள்ளாடத் தொடங்கியது. 1977-ஆம் ஆண்டு மாதிரிகளில் முன்னும் பின்னும் தண்டுகளை இட்டு அக்குறையை ஒருவாறு தீர்த்தனர், உயரமோ இறங்கவில்லை. சட்டத்தின்பொருட்டு ஏறிய அவ்வோரங்குலத்தை மீட்டும் இறக்குதல், ஏட்டிற் புகுந்த இடைச்செருகலை நீக்குதல் போல்வதேயாம். ஆகவே, தொட்டாலே பிழை என்பாரோடு யாம் உடன்படோம்.

ஆயின், இறக்குவோர் பலர் செய்வதென்ன? சுருள்வில்லை அறுத்துக் குட்டையாக்கிவிட்டுப் பணி முடிந்ததென மகிழ்கின்றனர். சுற்றுக் குறைந்த வில் முன்னினும் விறைப்பாகும் என்பதனையும் எண்ணார்.

முன்சக்கரம் ஒவ்வொன்றையும் மேலும் கீழுமாக இரு கைகள் பற்றியுள்ளன. மேற்கை குறியது, கீழ்க்கை நெடியது. வண்டியின் உடல் தாழத் தாழ, குறிய கை தன் சிறு வட்டத்திற் சுழன்று சக்கரத்தின் தலையை உள்ளே இழுக்கின்றது. தொழிற்சாலை வகுத்தபடி ஏறத்தாழ ஒரு பாகை வெளியே சாய்ந்திருந்த சக்கரம் நிமிர்ந்து, பின் உட்சாயும். பணிமனையார் இதனைக் காம்பர் என்பர். சிறிது உட்சாய்தல் வளைவுகளில் நன்றே. மிகின் டயரின் உள்விளிம்பு தேயும்.

இதனினும் கொடியது கண்ணுக்குப் புலனாகாதது. சக்கரத்தைத் திருப்பும் கோலும் ஒரு வட்டத்திற் சுழல்கின்றது. அவ்வட்டமும் கைகளின் வட்டமும் முற்றும் ஒத்துச் செல்லாவாகலின், இரு முன்சக்கரங்களும் நோக்கும் திசை மாறிவிடும். இவ்வண்டியில் அவற்றின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைக் காட்டிலும் 1.5 முதல் 2.3 மில்லிமீட்டர் வரை நெருங்கி நிற்றல் வேண்டும். இது டோ-இன் எனப்படும். ஒரு சக்கரம் ஒரு பாகை கோணினும், ஒரு கிலோமீட்டர் உருள்வதற்குள் ஏறத்தாழ 17 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகின்றது. டயர் அரம் பட்டதுபோல் தேய்வதில் வியப்பென்ன? டயராவது விலைக்குக் கிடைக்கும். மழை நனைத்த சாலையில் விரைந்து பிரேக்கை மிதிக்குங்கால் அவ்வண்டி எப்பக்கம் ஓடும்? எதிரே வருபவர் நம் வில்லை வெட்ட உடன்பட்டவரல்லர்.

முன்புறத்தை மட்டும் ஓரங்குலம் தாழ்த்துவாரும் உளர். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 91 அங்குலமே ஆதலின், வண்டி அரைப் பாகைக்குமேல் முன்னோக்கிக் கவிழும். சக்கரத்தை நேர்வழியில் நிறுத்தும் 7 பாகைப் பின்சாய்வாகிய காஸ்டரும் அவ்வளவு குறையும். பின்புறத்தில் ஒரே அச்சும் பட்டைவில்களும் இருத்தலின் அங்கே நேர்மை எளிதிற் கெடாது. அச்சு மேலேறி முட்டாதிருக்க இடம் விட்டாற் போதும்.

வெண்பாவில் ஒரு சீரை மாற்றியவன் முன்னும் பின்னும் தளை பார்க்கின்றான். வண்டிக்கும் அப்பார்வை வேண்டும். வில்லை மாற்றியபின், கைகளின் ரப்பர்ப் புஷ்களை இறுக்கும் ஆணிகளை வண்டி தன் சக்கரங்களில் நிற்கும் நிலையில் முடுக்கி, முன்னும் பின்னும் சிறிது உருட்டி அமர்த்தியபின் அளத்தல் வேண்டும். பெருங்கருவி இல்லாதார் இருமருங்கும் இணையாக நூல் கட்டி அளவுகோலால் அளக்கலாம். டோ-இன் திருப்புகோலின் மறையைத் திருகித் திருத்தத்தக்கது. காம்பரையும் காஸ்டரையும் திருத்தத் தொழிற்சாலை வழி வைத்திலது. எனவே அவை பொறுக்கும் அளவே தாழ்த்துதற்கு எல்லையாகும். வேறு உறுப்புகளை மாற்றாமல் 3 அங்குலம் தாழ்த்தி ஊர்ச்சாலையில் ஓட்டுவாரை யாம் ஆதரியோம். அவர் தம் வண்டியைக் கண்காட்சியில் நிறுத்திக்கொள்ளட்டும். ஓரங்குலம் இறக்கி, அன்றே அளந்து திருத்தி, புதிய வில் சற்றே அமர்ந்தபின் மீண்டும் ஒருமுறை அளப்பாரிடத்து எமக்கு யாதொரு மறுப்பும் இல்லை.