சமமாக வாழச் செல்பவர்கள்

‘ஓ-பேர்’ என்னும் பிரெஞ்சுத் தொடருக்குச் ‘சமமாக’ என்பது பொருள். அயல்நாட்டுக் குடும்பத்துடன் தங்கி, குழந்தைகளைக் கவனித்து, அந்நாட்டு மொழி பயிலும் இளைஞர்க்கு அப்பெயர் வழங்குகிறது. ஜெர்மனியில் இவர்களுக்கு வேலை வாரம் 30 மணி நேரத்திற்கு மேற்படலாகாது. நம் பெண்களுள் சிலர் அங்குச் செல்லக் கருதுவதால் இதனை எழுதுகிறேன்.

அச்சமத்துவம் விளங்குவது பண்டிகை நாட்களில்தான். நவம்பர் 11, மார்ட்டின் திருநாள். குழந்தைகள் காகித விளக்கேந்திப் பாடியவண்ணம் தெருவில் செல்வர். டிசம்பர் 5 இரவு காலணியைத் துடைத்து வாயிலில் வைப்பர். விடிந்தால் நிக்கலாஸ் பெரியவர் அதில் இனிப்பு இட்டிருப்பார். (பிள்ளைகளைக் காலணி துடைக்கச் செய்ய இதனினும் நல்ல உபாயம் உண்டோ!) கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளிலும் பசுந்தழை வளையத்தில் மெழுகுவர்த்தியை ஒவ்வொன்றாகக் கூட்டி ஏற்றுவர்.

அதே பருவத்தில்தான் நமது கார்த்திகையும் வருகிறது. பெட்டியில் நான்கு அகல்கள் இருந்தால், ஏற்றுவதற்கு அக்குழந்தைகளே ஓடி வருவர். “விளக்கு எதற்கு?” என்ற அவர்கள் கேள்விக்குத் தட்டுத்தடுமாறிச் சொல்லும் ஜெர்மன் விடை, வகுப்புப் பாடத்தினும் நாவில் நிலைக்கும்.

விருந்தன்று அவளை அடுக்களையில் நிறுத்திவிட்டுத் தாம் மட்டும் மேசையில் அமரும் குடும்பம், ஓ-பேர் என்ற பெயரால் பணிப்பெண்ணை வைத்துக்கொண்டதேயாகும். ஆகவே பெற்றோர், ஒப்பந்தத்தில் வேலை நேரத்துடன் ஓய்வு நாட்களையும் பண்டிகை நாட்களையும் தெளிவாக எழுதச் செய்த பின்னரே பயணச்சீட்டு வாங்குக.