சோறும் சொல்லும் போகும் வழி

நண்பர் ஒருவர் கோவில்பட்டியை அடுத்து மனை வாங்கி வீடு கட்டி வருகிறார். சென்ற வாரம் வரைபடத்தை நம் முன் விரித்தார். அடுக்களைக்கும் கூடத்துக்கும் இடைப்பட்ட சுவரில் ஒன்றரை அடிச் சதுரமாக ஒரு கட்டம் போடப்பட்டிருந்தது. என்னவென்று கேட்டோம். "ஓப்பனிங் சார். சாப்பாட்டை இந்த வழியாக் கொடுத்துரலாம். வேண்டாதப்போ கதவைச் சாத்திக்கிடலாம்" என்றார். அவருடைய துணைவியார் நான்கடி அகலம் கேட்டாராம். வருகிறவர் கண்ணில் அடுக்களை படக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் மறுக்க, ஒன்றரை அடியில் உடன்பாடு ஆயிற்றாம். குறைந்துபோன அந்த இரண்டரை அடியைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம்.

இலக்கியம் பேசும் இடத்தில் கொத்து வேலை எதற்கு என்று வாசக நண்பர்கள் கேட்கலாம். தீர்வை பாக்கிக்காகக் கழற்றிச் செல்லப்பட்ட ஒரு கதவைக் கொண்டு ஏழை வீட்டின் துயரைச் சொன்னவர் நம் இடைசெவல் கி. ராஜநாராயணன். 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்று தம் கதைக்கும் 1988இல் வந்த தொகுப்புக்கும் பெயர் வைத்தவர் அம்பை. வீட்டின் உறுப்புகள் நம் இலக்கியத்துக்கு அயலானவை அல்ல.

அடுக்களைச் சுவர் காரணமின்றி எழுந்ததன்று. கரிசல் காட்டு அடுப்புகளில் எரிந்தவை பருத்திமாரும் கம்பந்தட்டையும் சீமைக்கருவேல விறகும். அவற்றின் புகை கூடத்துக்கு வராமல் தடுக்கச் சுவர் வேண்டியிருந்தது. தடுக்கப்பட்ட புகை உள்ளே நின்றவரின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் போயிற்று. 2006ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் தமிழக அரசு வழங்கிய இலவச எரிவாயு அடுப்பும், 2016இல் நடுவணரசு தொடங்கிய உஜ்வலா திட்டமும் சிற்றூர்கள்வரை நிலைமையை மாற்றின. புகை பெரிதும் குறைந்துவிட்டது. புகைக்காக எழுந்த சுவர் மட்டும் அப்படியே நிற்கிறது.

எங்கள் பாட்டியின் வீட்டில் அந்தச் சுவரில் ஒரு மாடக்குழி இருந்தது. மற்ற மாடக்குழிகளைப் போலன்றி அது இருபுறமும் திறந்தது. அதில் வைத்த ஒரே சிம்னி விளக்கு இரண்டு இடத்துக்கும் வெளிச்சம் தந்தது. மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடுதான். ஆனால் பாட்டி அதன் வழியே கூடத்துப் பேச்சைக் கேட்டாள், மறுமொழியும் சொன்னாள். காளை விற்பதிலும் கடன் வாங்குவதிலும் அவள் சொல் அந்தக் குழி வழியாகவே ஆண்களை வந்தடைந்தது. மின்விளக்கு வந்ததும் குழியை அடைத்துப் பூசிவிட்டார்கள். வெளிச்சம் கூடிற்று, பாட்டியின் சொல் கூடத்துக்கு வருவது நின்றுபோயிற்று.

ஆகவே திறப்பு இருக்கிறதா என்பதைவிட, அது எதைக் கடத்துகிறது என்பதே முதற்கேள்வி. இதற்கு இரு சான்றுகள் உண்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த தாமஸ் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ மாளிகையில் உணவறைக்கு ஒரு சுழல்கதவு இருந்தது. அதன் தட்டுகளில் அடிமைகள் வெளியே நின்று உணவை வைத்துச் சுழற்றுவார்கள். உணவு உள்ளே வரும். ஆக்கியவர் முகம் வராது. மாறாக, 1926இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஓர் அடுக்களையை வடிவமைத்தார். 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட அந்த அடுக்களை ஏறத்தாழ 10,000 வீடுகளில் அமைந்தது. சமைத்தபடியே அடுத்த அறையில் இருக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அகன்ற தள்ளுகதவு ஒன்றையும் அவர் வைத்தார். ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அவ்வடுக்களை பெண்ணைத் தனிமைப்படுத்தியது என்று பின்வந்தோர் குறை கூறினர். அக்குறை சரியே. எனினும் அந்தக் கதவின் நோக்கம் முகத்தை மறைப்பதன்று. நண்பர் வீட்டு ஒன்றரை அடிச் சதுரமோ மான்டிசெல்லோவுக்கே நெருங்கிய உறவு. அதன் வழியே கையும் தட்டும் வரும். முகம் காட்ட வேண்டுமானால் குனிய வேண்டும்.

நம் பரிந்துரை எளியது. திறப்பு நான்கடி அகலம் இருக்கட்டும். அடிவிளிம்பு அடுப்பு மேடைக்கு முக்கால் அடி மேலே, தரையிலிருந்து மூன்றரை அடியில் அமையட்டும். மேல்விளிம்பு மற்றச் சன்னல்களைப் போல ஏழடியில் நிற்கட்டும். நிற்பவர் முகம் முழுதாகத் தெரியும். அடுப்பைத் திறப்புக்கு நேரே வைக்கலாகாது. கூடத்து மின்விசிறிக் காற்று தீயை அலைக்கழிக்கும். தாளிப்பு நெடிக்கு வெளிச்சுவரில் புகைபோக்கி விசிறி போதும்.

இதைக் கட்டும்போதே செய்துவிட வேண்டும் என்பதற்கு நம் மண்ணும் ஒரு காரணம். கரிசல் மழையில் உப்பும். வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் நிற்கும் சுவரில் விரிசல் பெரும்பாலும் கதவு, சன்னல்களின் மூலையிலிருந்துதான் சாய்வாக ஓடும். சுவர் எழும்போதே இடம் விட்டு, லிண்டல் இருபுறமும் அரையடியாவது சுவரில் உட்காரும்படி போட்டால் திறப்பு நிலைக்கும். பிறகு இடித்துக்கொள்ளலாம் என்பது கரிசலில் வீடு கட்டுபவர் சொல்லத்தக்க சொல்லன்று.

இது வசதியுள்ளோர் வீட்டுக்கு மட்டும் உரியதா? 2011இல் தமிழக அரசு அறிவித்த பசுமை வீடுகள் 300 சதுர அடி. 2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி. இத்தகைய சிறு வீட்டில்தான் திறப்பின் பயன் மிகுதி. கூடத்துச் சன்னலின் காற்றும் வெளிச்சமும் அடுக்களைக்குள் செல்லும். தரையில் அமர்ந்து உண்ணும் வீட்டுக்கு இது எதற்கு என்பாரும் உளர். தட்டு அவ்வழியே போகாமல் இருக்கலாம், பேச்சு போகுமே.

ஒரு மறுப்பை மட்டும் நாம் எளிதில் தள்ள முடியவில்லை. நம் உறவில் ஒரு பெண்மணி சொன்னார்: "அந்தச் சுவத்துக்குப் பின்னாலதான் நான் என் பாட்டுக்கு இருக்க முடியுது. அதையும் திறந்துட்டா எங்கே போவேன்?" இச்சொல்லில் உண்மையிருக்கிறது. எனவே திறப்புக்குக் கதவும் இருக்கட்டும். அதன் தாழ்ப்பாள் அடுக்களைப் பக்கம் இருக்கட்டும். எப்போது சாத்துவது என்பதை உள்ளே நிற்பவர் முடிவு செய்யட்டும். நண்பரின் வரைபடத்தில் தாழ்ப்பாள் கூடத்துப் பக்கம் இருக்கிறது.

சுவர் இப்போது மூன்றடிதான் எழுந்திருக்கிறது. வரைபடத்தைத் திருத்த இன்னும் நேரம் இருக்கிறது.