பொது விதியும் விலக்கும்

அரசினர் பொருள் கொள்ளுங்கால் தம் நாட்டார், பிற நாட்டார் என வேற்றுமை பாராட்டலாகாது என்பது உலக வாணிகத்தில் இக்காலத்துப் பரவிவரும் கொள்கை. பொதுப்பணத்தைச் செலவிடுவோர் முகம் பார்த்து வாங்குவாராயின் விலை ஏறும். கையூட்டும் உடன் புகும். ஆகலின் அவ்விதி நன்றே. எனினும் எளியார்பொருட்டு அதற்கு விலக்கு வேண்டும் என்பதும், அவ்விலக்கை முன்னரே தெளிவுற எழுதிவைத்தல் வேண்டும் என்பதும் எமது கருத்து.

தருமபுரி மாவட்டத்து இண்டூர் போன்ற சிற்றூர்களில் அரசினர் பள்ளியிற் சத்துணவு உண்டு பயிலும் சிறாரை நோக்குவோம். அவர்க்கு அளிக்கப்பெறும் விலையில்லாச் சீருடையின் துணி தமிழ்நாட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் நெய்யப்படுவது. மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கங்களில் தைக்கப்படுவது. விலை ஒன்றையே கருதி இதனை உலகோர் அனைவர்க்கும் திறந்துவிடின், பெருந்தொழிற்சாலைகளோடு அச்சங்கங்கள் எதிர்நிற்றல் அரிது. சில காசு மிஞ்சலாம். பல தறிகள் ஓயும்.

உலக வணிக அமைப்பின் அரசுக் கொள்முதல் ஒப்பந்தமும் விலக்குகளை அறியாததன்று. பொது ஒழுங்கு, உயிர், உடல்நலம் ஆகியவற்றைக் காத்தற்கும், மாற்றுத்திறனாளர், அறநிலையத்தார், சிறையிலுள்ளார் ஆகியோர் ஆக்கும் பொருள்களை வாங்குதற்கும் அஃது இடந்தருகின்றது. ஆயின் நெசவாளர் சங்கம் அவ்வரிசையில் இல்லை. இவ்வாறு விடுபட்டதனைத் தாமே எழுதிச் சேர்த்துக்கொண்ட நாடுகளும் உள. அமெரிக்கா தன் சிறு தொழிலார்க்கென ஒதுக்கிய கொள்முதலை ஒப்பந்தத்தின் இணைப்பிலேயே விலக்கி வைத்துள்ளது. நம் நாடோ இவ்வொப்பந்தத்தில் உறுப்பினரன்று. 2010 முதல் பார்வையாளராக மட்டுமே உள்ளது.

எழுதப்பெறாத விலக்கை நம்பினார் எய்தும் பயனை நாம் முன்னரே கண்டுள்ளோம். ஜவஹர்லால் நேரு தேசிய சூரிய ஒளித் திட்டத்தில் உள்நாட்டு மின்கலங்களையே பயன்படுத்துக என நம் அரசினர் விதித்தனர். 2013-இல் அமெரிக்கா வழக்குத் தொடுத்தது. அரசுக் கொள்முதலுக்கு 1994-ஆம் ஆண்டுப் பொது வணிக உடன்படிக்கை அளிக்கும் விலக்கை நம்மவர் எடுத்துக்காட்டினர். அரசினர் வாங்கியது மின்சாரம். வேற்றுமை காட்டியதோ மின்கலத்தில். ஆகலின் விலக்கு பொருந்தாது என 2016-இல் மேன்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. நோக்கம் நன்றாயினும் சொல் இடந்தரவில்லை.

விலக்கு என்பது வேண்டியவர்க்குத் திறக்கும் புறக்கடை வாயிலாகிவிடாதோ எனச் சிலர் வினவுவர். அவ்வச்சம் பொருளுடையதே. அதனாலன்றோ, காரணமின்றி வேற்றுமை செய்தற்கும் மறைமுகமாக வாணிகத்தைத் தடுத்தற்கும் விலக்கைக் கருவியாக்கலாகாது என அவ்வொப்பந்தமே எல்லை வகுத்துள்ளது! யாருக்கு, எப்பொருளுக்கு, எவ்வளவு என்பன வெளிப்பட எழுதப்பெற்று, ஆண்டுதோறும் கணக்கும் காட்டப்பெறின் புறக்கடை வாயில் எங்ஙனம் உண்டாகும்?

2025-இல் இங்கிலாந்துடன் நம் நாடு கையெழுத்திட்ட வணிக உடன்படிக்கையில் அரசுக் கொள்முதற்கும் ஓர் இயல் வகுக்கப்பட்டுள்ளது. இனி வருவனவற்றிலும் இப்பொருள் பேசப்பெறும். அங்குப் பேசச் செல்வோர் பெருந்தொழிலாளரை மட்டும் கேட்டுச் செல்லாது, தறியில் அமர்ந்தாரையும் கேட்டுச் செல்வாராக. கையெழுத்திட்டபின் இரங்குவதினும், அதன்முன் ஒரு வரி சேர்த்தல் எளிது.