ஒரே பெயர், இரு நோய்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மோட்டாருக்குச் செல்லும் ஒயரைப் பார்த்திருப்பீர்கள். மேலுறை உரிந்தால் மின்சாரம் கசியும், வேலை கெடும். நம் நரம்பிழைகளுக்கும் மயலின் என்னும் கொழுப்புறை உண்டு. நம்மைக் காக்கவேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தியே வழிதவறி இவ்வுறையைத் தாக்குவதுதான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். கண் மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும்.

இந்நோய்க்குச் சாட்சி, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள நீர். மொத்தமே சுமார் 150 மில்லிலிட்டர்தான். தண்டுவடம் முடியும் இடத்திற்குக் கீழே, இடுப்புப் பகுதியில் ஊசி செலுத்திச் சிறிதளவு எடுப்பார்கள். இந்நோயாளிகளின் நீரில் எதிர்ப்பொருள் புரதங்கள் மிகுந்திருப்பதை 1942-இல் அமெரிக்காவில் எல்வின் கபாட் குழுவினர் காட்டினர். இன்று அப்புரதங்களை மின்புலத்தில் பிரித்துத் தனித்தனிக் கோடுகளாகக் காண்கிறோம். இரத்தத்தில் இல்லாத கோடுகள் நீரில் இருந்தால், எதிர்ப்பொருள் மூளை, தண்டுவடப் பகுதியிலேயே உற்பத்தியாகிறது என்று பொருள்.

வட ஐரோப்பிய நோயாளிகளில் 100-க்கு 90 பேருக்கு மேல் இக்கோடுகள் தெரிகின்றன. இந்திய ஆய்வுகள் பலவற்றில் இவ்விகிதம் குறைவு. சோதனை முறை, பரம்பரை எனக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் வேறொரு நோயும் நெடுங்காலம் இதே பெயரில் கலந்திருந்தது என்பதை மறக்கலாகாது. பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகாதான் அது. அந்நோயில் இக்கோடுகள் பெரும்பாலும் தெரிவதில்லை. 2004-இல் வாண்டா லென்னன் குழுவினர் அதற்கே உரிய எதிர்ப்பொருளை இரத்தத்தில் கண்டறிந்தனர். மங்களூரில் டாக்டர் லேகா பண்டிட் குழுவினர் இந்திய நோயாளிகளிடம் இதனை ஆராய்ந்துள்ளனர்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? முதல் நோய்க்குத் தரும் பீட்டா இன்டர்ஃபெரான் மருந்து இரண்டாவது நோயை மோசமாக்கக்கூடும்! பெயர் தவறினால் மருந்தும் தவறும்.

ஆகவே, அயல்நாட்டுக் கணக்கை அப்படியே நம் மக்கள்மீது பொருத்தலாகாது என்பது என் கருத்து. கோடு தெரியவில்லை என்பதால் நோயே இல்லை என்று கூறுவது தவறு. கண்ணும் காலும் கெட்டவர்களுக்கெல்லாம் ஒரே நோய் என்பதும் தவறு. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வாழும் ஏழை நோயாளிக்கும் இவ்விரு சோதனைகளும் அரசு மருத்துவமனையில் எளிதாகக் கிடைக்க வேண்டும். அம்முடிவுகளைத் தொகுத்து நம் கணக்கை நாமே எழுத வேண்டும். மாணவ நண்பர்களே, அதை எழுதப்போகும் கைகளில் உங்கள் கையும் ஒன்றாக இருக்கட்டும்!