மொழிபெயர்க்கப்பட்ட ஆறு

அணைக்கட்டுக்கு இனம் கிடையாது, உதவிக்கு அரசியல் கிடையாது என்கிறார்கள். கவிதைக்கு அரசியல் கிடையாது என்பவர்களின் அதே பொய்தான் இது.

முப்பது வருஷத்துக்கென்று போட்ட மகாவலித் திட்டத்தை 1977க்குப் பின் ஜெயவர்த்தனே அரசு ஆறு வருஷமாகச் சுருக்கியது. விக்டோரியா அணைக்கு பிரிட்டன் பணம் கொடுத்தது. கொத்மலைக்கு ஸ்வீடன், ரந்தெனிகலவுக்கு மேற்கு ஜெர்மனி, மாதுறு ஓயாவுக்குக் கனடா. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களை வெட்டினார்கள், கொளுத்தினார்கள். அணை வேலை நிற்கவில்லை. 1984 டிசம்பரில் மணலாற்றுத் தமிழர்களை ராணுவம் கிராமங்களைவிட்டு விரட்டியது. 1985 ஏப்ரலில் விக்டோரியா திறப்புக்குத் தாட்சர் வந்தார். 1988இல் மணலாறு மகாவலித் திட்டத்துக்குள் சேர்க்கப்பட்டு, சிங்களக் குடியேற்றமான ‘வெலிஓயா’ ஆயிற்று. சொல்லுக்குச் சொல் சரியான மொழிபெயர்ப்பு. மூலத்தில் இருந்த மனிதர்களைத்தான் காணோம்.

‘மணலாற்றுக்கு நாங்கள் காசு தரவில்லையே’ என்று கொடையாளிகள் சொல்லக்கூடும். நான் வங்கிக் குமாஸ்தா. ஒரு செலவை வேறொருவர் ஏற்றுக்கொண்டால் மிச்சமாகும் பணம் எங்கேயோ போகத்தான் செய்யும் என்பது எனக்கு அன்றாடப் பாடம். அணைச் செலவை அந்நியர் சுமந்ததால், அரசின் கஜானா குடியேற்றத்துக்கும் துப்பாக்கிக்கும் தாராளமாகத் திறந்தது.

2003இல் டோக்கியோவில் கூடிய கொடையாளிகள் 450 கோடி டாலர் தருவதாக வாக்களித்தார்கள். சமாதானப் பேச்சு முன்னேற வேண்டும் என்றும் சொன்னார்கள். ஆக, நிபந்தனை விதிக்கத் தெரியும். இருபது வருஷம் முந்தி, கொழும்பு எரிந்த மறுநாள், அது ஏன் ஞாபகத்துக்கு வரவில்லை?