மீதம் 300 அடி

மலை ஏறுகிறவனுக்கும் கடை நடத்துகிறவனுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு என்றே வர்த்தக நிர்வாகம் கற்பிப்போர் கருதுகிறார்கள். எவரெஸ்ட் சிகரத்தில் 1996ஆம் ஆண்டு நேர்ந்த விபத்தை அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகக் கல்லூரி ஒரு பாடமாகவே தயாரித்து வைத்திருக்கிறது. சங்க உறுப்பினர்களுக்கு எவரெஸ்ட் அந்நியமான பெயருமன்று. மலேசியர்களில் முதன்முதலாக, 1997 மே 23ஆம் நாள், அதன் உச்சியில் நின்றவர்கள் எம். மகேந்திரன், என். மோகனதாஸ் என்னும் இரு தமிழர்கள். அந்தப் பெருமை பேசித் தீராதது. ஆனால் ஒரு ஸ்தாபனத்துக்குத் தலைமை வகிப்பவர் கற்க வேண்டிய விஷயம், உச்சிக்குப் போனவர்களைவிடப் போகாமல் திரும்பியவர்களிடமே அதிகம் கிடைக்கிறது.

1953ஆம் ஆண்டு எவரெஸ்டுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் குழுவின் தலைவர் ஜான் ஹண்ட், இராணுவ அதிகாரி. முதலில் தலைவராக எதிர்பார்க்கப்பட்டவர் எரிக் ஷிப்டன். மலையேறுவோரிடையே பெரும் புகழ் பெற்றிருந்த அவரை விலக்கிவிட்டு ஹண்டை நியமித்தபோது பலருக்கு மனக்கசப்பு ஏற்பட்டது. பழைய முதலாளியின் நாற்காலியில் புதிதாக வந்து உட்காரும் மேலாளருக்கு நேரும் சங்கடந்தான் அது. ஹண்ட் அதற்குப் பதில் பேசிக்கொண்டிராமல் கணக்குப் போட உட்கார்ந்தார். எந்த முகாமில் எத்தனை கூடாரம், எத்தனை நாள் உணவு, எத்தனை பிராணவாயுக் குப்பி, அவற்றைச் சுமப்பவர் யார் என்று ஒன்று விடாமல் திட்டமிட்டார். காத்மாண்டுப் பக்கமிருந்து சாமான் சுமந்தவர்கள் மட்டும் 350 பேருக்கு மேல். மே 7ஆம் நாள் எல்லோரையும் உட்கார வைத்து, உச்சிக்கு முதலில் முயல்பவர் யார், அடுத்தவர் யார், அவர்களுக்காகச் சுமை தூக்குபவர் யார் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஏமாற்றமடைந்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் காரணம் தெரியாமல் ஏமாந்தவர் எவருமில்லை.

எல்லாமே செம்மையாக நடந்ததாக எண்ணிவிடக் கூடாது. காத்மாண்டுவில் ஷெர்பாக்களைத் தூதரகத்தின் வண்டிக் கொட்டகையில், கழிப்பறை வசதிகூட இல்லாத இடத்தில் படுக்க வைத்தார்கள். ஷெர்பாக்கள் மறுநாள் காலையில் அந்தக் கொட்டகை வாசலிலேயே சிறுநீர் கழித்துத் தங்கள் கோபத்தைக் காட்டினார்கள்! டென்சிங் இடையில் நின்று சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. சுமை தூக்குகிறவன் மனம் நொந்தால் மேலே ஒரு குப்பியும் போய்ச் சேராது என்பது அன்றைக்கே தெரிந்து போனது.

மே 26ஆம் நாள் முதல் ஜோடி புறப்பட்டது. ஒருவர் டாம் போர்டில்லன், மற்றவர் குழுவின் துணைத் தலைவரும் மருத்துவருமான சார்ல்ஸ் எவன்ஸ். பகல் ஒரு மணியளவில் தென்சிகரம் என்று சொல்லப்படும் 28,700 அடி உயரத்துக்குப் போய்விட்டார்கள். அதுவரை மனிதன் கால் படாத இடம். மீதம் இருந்தது ஏறக்குறைய 300 அடி. ஒரு சாதாரண ஊரில் அது கோயில் வாசலிலிருந்து தெருமுனை வரையுள்ள தூரம். ஆனால் எவன்ஸின் பிராணவாயுக் கருவி வழியிலேயே கோளாறு செய்திருந்தது. போய்வர எத்தனை மணி ஆகும், குப்பியில் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் பார்த்தார்கள். கணக்கு ஒத்துவரவில்லை. போர்டில்லன் மேலும் போகத் துடித்தார். எவன்ஸ் வேண்டாம் என்றார். இருவரும் திரும்பினார்கள். இறங்கும் வழியில் சோர்வினால் பலமுறை வழுக்கி விழுந்தும் பிழைத்து வந்து சேர்ந்தார்கள்.

அதே நாளில் தலைவர் ஹண்ட் எங்கே இருந்தார்? 42 வயதில், ட நம்கியால் என்ற ஷெர்பாவுடன், கூடாரத்தையும் உணவையும் பிராணவாயுவையும் தம் முதுகில் சுமந்துகொண்டு 27,350 அடி வரை ஏறி, அடுத்த ஜோடிக்காக அங்கே வைத்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார். உச்சி அவர் கண்ணுக்குத் தெரியும் தூரம். தமக்கென்று அவர் ஒதுக்கிக்கொண்ட வேலை அந்தச் சுமைதான். மே 29 காலை 11.30 மணிக்கு ஹிலாரியும் டென்சிங்கும் உச்சியை அடைந்து 15 நிமிடம் நின்றார்கள். முதல் நாள் இரவு அவர்கள் தங்கிய முகாமில் ஹண்ட் சுமந்த பொருள்கள் இருந்தன. திரும்பும்போது, தென்சிகரத்துக்கருகில் எவன்ஸ் ஜோடி விட்டுச் சென்ற இரண்டு குப்பிகள் அவர்களுக்கு உதவின. தோல்வி என்று பத்திரிகைகள் எழுதக்கூடிய முயற்சி மிச்சம் வைத்த மூலதனம் அது.

வியாபாரிகளுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. புதிதாகத் திறந்த கிளைக்கடை மூன்று வருடமாக நஷ்டம் காட்டுகிறது. மூடலாமென்றால், இவ்வளவு போட்டோமே, இன்னும் கொஞ்சம் போட்டால் எழுந்துவிடாதா என்று மனம் இழுக்கிறது. அந்தக் கொஞ்சந்தான் 300 அடி. அதில் தாய்க்கடையே கரைந்துபோன கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. எந்த நிலை வந்தால் நிறுத்துவது என்பதைக் கடை திறக்கும் நாளிலேயே எழுதி வைத்தவர்கள் மிகச் சிலர்.

எழுதி வைத்தால் மட்டும் போதுமா என்பதற்கு 1996 மே 10ஆம் நாள் சாட்சி. அன்று எவரெஸ்டில் பணம் கட்டியவர்களை அழைத்துச் சென்ற குழுக்களின் தலைவர்களில் ஒருவர் ராப் ஹால், நியூசிலாந்துக்காரர், அனுபவத்திலும் எச்சரிக்கையிலும் பெயர் பெற்றவர். பிற்பகல் 2 மணிக்குள் உச்சியை அடையாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது அவரே வலியுறுத்திய விதி. அன்று 30க்கும் மேற்பட்டவர்கள் ஒரே பாதையில் நெருக்கினார்கள். முன்கூட்டிக் கட்ட வேண்டிய கயிறுகள் கட்டப்படாமல் தாமதம் வேறு. அவருடைய வாடிக்கையாளர் மூவர் 11.30 மணி வாக்கில் நிலைமையைப் பார்த்துத் தாமே இறங்கிவிட்டார்கள். உயிரோடு வீடு சேர்ந்தார்கள். மற்றொருவர் அஞ்சல் ஊழியர். அரும்பாடுபட்டுப் பணம் சேர்த்து வந்தவர். முந்திய வருடம் அவரை உச்சிக்கு அருகிலிருந்து திருப்பி அழைத்து வந்தவர் இதே ஹால்தான். இம்முறையும் எப்படி அவரிடம் இல்லை என்பது? அவர் உச்சிக்கு வந்தபோது மணி 4ஐத் தாண்டிவிட்டது. ஹால் காத்திருந்தார். புயல் வந்தது. தளர்ந்துபோனவரை விட்டு இறங்க மனமின்றி உடன் தங்கிய ஹாலும் மடிந்தார். மற்றொரு குழுவின் தலைவர் ஸ்காட் ஃபிஷரும் மடிந்தார். வடபுறத்தில் ஏறிய இந்தியர் மூவரையும் சேர்த்து எண்மர் உயிரிழந்தனர்.

ஹாலின் நல்ல மனத்தைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் விதியைப் போட்டவரே அதைத் தளர்த்தும்போது எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை. மேலே தம் சொல்லுக்கு மறுசொல் கூடாது, பேச வேண்டியதைக் கீழே வந்து பேசலாம் என்று அவர் முன்பே கூறியிருந்தார். ஃபிஷரின் குழுவிலும், தாம் கடைசி நிலையில் உள்ளவர் என்பதால் வாய் திறக்கத் தயங்கியதாக ஒரு வழிகாட்டி பின்னால் ஒப்புக்கொண்டார். கணக்கப்பிள்ளைக்கு நஷ்டம் தெரியும், முதலாளியிடம் சொல்லத் துணிவில்லை என்ற கதைதான். 1953இல் போர்டில்லனுக்கு வேண்டாம் என்று சொல்ல ஓர் எவன்ஸ் இருந்தார்.

அந்த எவன்ஸ் பின்னால் என்ன ஆனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலகின் மூன்றாவது உயர்ந்த சிகரமாகிய கஞ்சன்ஜங்காவுக்கு 1955இல் சென்ற குழுவுக்கு அவரையே தலைவராக்கினார்கள். மே 25ஆம் நாள் ஜார்ஜ் பேண்டும் ஜோ பிரவுனும், மறுநாள் வேறிருவரும் ஏறினார்கள். எவன்ஸ் உச்சிக்குப் போகவில்லை. அந்த மலை சிக்கிம் மக்களுக்குப் புனிதமானது. அதன் உச்சியை மிதிக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. நால்வரும் சில அடி கீழேயே நின்று, பார்த்துவிட்டு இறங்கினார்கள்.