ஏரிக்குப் பூட்டும் வேண்டாம், பாட்டிலும் வேண்டாம்

பாரிவாக்கம் ஏரிக்கரைக்கு ஞாயிற்றுக்கிழமை வண்டி கட்டி வரும் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். கரையில் உடைந்து கிடக்கும் பாட்டிலை மறுநாள் யார் பொறுக்குகிறார்கள்? பெரும்பாலும் ஒரு தலித் தூய்மைப் பணியாளர். நம் கழிவை இன்னொருவர் அள்ளுவார் என்ற நினைப்பே சாதிதான்.

பொதுக்கரை நமக்குச் சும்மா கிடைக்கவில்லை. பொதுச்சாலை, கிணறு, குளம் எல்லோருக்கும் திறக்கப்பட வேண்டுமென்று 1924இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார் இரட்டைமலை சீனிவாசன். 1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கரோடு தண்ணீர் குடித்ததற்காக தலித்துகள் தாக்கப்பட்டார்கள். அந்த உரிமைதான் அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவில் இருக்கிறது.

“வேலி போட்டுப் பூட்டிவிடுங்கள்” என்பதை ஏற்க மாட்டேன். காரில் வருபவர் அடுத்த ஏரிக்குப் போய்விடுவார். மாடு மேய்ப்பவரும் மீன் பிடிப்பவரும் எங்கே போவார்கள்?

நீலகிரியில் காட்டு விலங்குகளின் காலைக் கண்ணாடி கிழிக்கக் கூடாதென்று உயர்நீதிமன்றம் தலையிட்டது. 2022 முதல் அங்கே காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் டாஸ்மாக் பத்து ரூபாய் தருகிறது. யானையின் காலுக்குக் கிடைத்த அக்கறை தூய்மைப் பணியாளரின் கைக்கும் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு ஏரிக்கரையிலும் அத்திட்டம் ஒழுங்காக நடக்கக் கேட்போம். அதுவரை, கொண்டு வந்ததை நாமே எடுத்துப் போவோம்.